அம்மனுக்கு ஒரு ஜோடிக் கண்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பொய் சொல்ல வராதவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துதான் போவீர்கள். அவர் வாயையே திறக்கமாட்டார். வாயைத் திறக்காமலே ஒரு மனுஷர் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லலாம் என்பதை அவரோடு குடும்பம் நடத்தித்தான் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் பளபளப்பும் முதலாளியுடையது. பின்பக்கம் ஒரு ஜன்னல் வைத்த சின்ன அறை, அது இவருடையது. டாக்டர் எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸ் எடுத்து, ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, உள்ளே பூட்டிக் கொடுப்பார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண்ணாடி சாய்ந்திருந்தால் போதும், அதைக் கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் இவர் சோற்றில் கை வைப்பார். தலையில் முடி கிடையாது. என்னைப் பெண் கேட்டு அனுப்பிய போட்டோவில் இருந்தது, நேரில் வரும்போது வரவில்லை. அதைப் பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அவரை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டது அவருடைய அக்கா, எனக்கு அண்ணி. அண்ணி தையல்காரி. தெருவைப் பார்த்த ஓர் அறையில் தையல் மெஷின் போட்டு, வெட்டுவது தைப்பதெல்லாம் தானே செய்வார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய கூட்டாளி உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுப்பார், கொக்கி வைப்பார், ஓரம் மடித்துக் கையால் தைப்பார். ஊரே அந்த அம்மாவைக் காஜாக்காரி என்றுதான் கூப்பிடும். நான் காஜா அக்கா என்பேன். அண்ணிக்குச் சிடுசிடுப்பு ஜாஸ்தி. காஜா அக்கா நேர்மாறு. எதைப் பார்த்தாலும் வாய் நிறையப் பாராட்டாமல் இருக்க முடியாது அவரால். துணி வாங்க வந்த பெண்ணின் மூக்குத்தியை, பால்காரர் சைக்கிளை, என் மகளின் கையெழுத்தை, எல்லாவற்றையும் "அடடா, என்ன அழகு!" என்பார். இப்படி ஒரு மனசு நமக்கு இல்லையே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் பவர் வேறு வேறு. ஒன்றில் கொஞ்சம், இன்னொன்றில் ஏகமாய். டாக்டர் பவரை மாற்றி எழுதினார். பழகிப்போன ஃபிரேமை விட அண்ணிக்கு மனசில்லை. அதனால் பழைய லென்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே ஃபிரேமில் புது லென்ஸை என் வீட்டுக்காரரே மாட்டிக் கொடுத்தார். வெளியாள் கண்ணாடி என்றால் முதலாளி ஒருமுறை மெஷினில் வைத்துச் சரிபார்த்துத்தான் வெளியே அனுப்புவார். இது சொந்த அக்காவுடையது. சாப்பாட்டு நேரத்தில், ஆசையாக, யாரும் பார்க்காமல் செய்து முடித்து நேரே அக்கா கையில் கொடுத்தார்.

புதுக் கண்ணாடியைப் போட்ட அன்றைக்கே அண்ணிக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தலைவலி. படி இறங்கினால் கால் தடுமாறியது. தம்பியைக் கேட்டார். இவர் சொன்னார்: "புதுக் கண்ணாடின்னா அப்படித்தான்கா இருக்கும். பழகிடும்."

கண்ணாடிக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. பாதிப் பேருக்கு நிஜமாகவே பழகிவிடும். அண்ணிக்குப் பழகவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் "பழகிடும்கா." டாக்டரிடம் போகட்டுமா என்றதற்கு, "இப்பதானே பார்த்தோம், அதுக்குள்ள எதுக்கு?" தம்பி வார்த்தை அண்ணிக்கு வேதம். தையல் கோணியது. கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பி போட்ட கண்ணாடியில் குறை இருக்காது, டாக்டர் எழுதியதிலும் குறை இருக்காது என்றால் வேறு எங்கே குறை என்று அண்ணி தேட ஆரம்பித்தார். தேடினால் கிடைக்காமல் போகுமா?

புதுக் கண்ணாடி வருவதற்கு முந்தின நாள் காஜா அக்கா சொல்லியிருந்தார்: "இந்த வயசுலயும் ஒரே தடவையில நூல் கோக்கிறியே, உன் கண்ணுக்குச் சுத்திப் போடணும்டி."

அது போதும் அண்ணிக்கு. ஒருநாள் கடையில் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே கத்தரிக்கோலைப் படாரென்று வைத்துவிட்டுக் கத்தினார். "உன் கண்ணுதான்டி என் கண்ணைப் பொசுக்கிடுச்சு! கொள்ளிக்கண்ணு! இனிமே என் வாசப்படி மிதிக்காத!" காஜா அக்கா ஊசியை அதற்கான பஞ்சு உருண்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணி பெரிய கோயில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கண் தெளிந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறேன், தலைமுடியையும் கொடுக்கிறேன் என்று. அண்ணியின் முடியைப் பார்த்திருந்தால்தான் உங்களுக்கு இது புரியும். இடுப்புக்குக் கீழே தொங்கும், அடர்த்தியான கறுப்பு. சாதாரணப் புடவை, சாதாரணச் செருப்பு, மற்றதில் எதிலும் அக்கறை கிடையாது. அந்த முடியில் மட்டும்தான் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

வேண்டிக்கொண்ட வாரத்திலேயே கண்ணாடியின் காது ஸ்க்ரூ கழன்று விழுந்தது. சரிசெய்து கொடுக்கும்படி தம்பியிடம் தந்தார். கடையில் இவர் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, கைப்பழக்கத்தில் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார். வலது கண்ணின் பவர் இடதில் இருந்தது, இடதின் பவர் வலதில். ஃபிரேமை எதிரே பிடித்துப் பார்க்கும்போது அதைப் போட்டுக்கொள்பவரின் வலது நமக்கு இடப்பக்கம் வரும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். அதில்தான் தவறியிருந்தார்.

அன்றைக்கே புது லென்ஸ் தேய்த்துப் பூட்டி, "ஸ்க்ரூ போட்டாச்சு" என்று நீட்டினார். அண்ணி போட்டுக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். ஊசியை எடுத்து, நூலை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோர்த்தார். கோர்த்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதார். "கேட்டுட்டாடா! அம்மா கேட்டுட்டாடா!"

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. இவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்துதான் என்னிடம் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. "இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றேன். "நாளைக்குச் சொல்றேன்." மறுநாளும் அதே பதில். "நான் சொல்லட்டுமா?" என்றால் "வேண்டாம், நானே சொல்லணும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதுவும் நியாயம்தான். புருஷனை நாத்தனாரிடம் போட்டுக் கொடுத்தாள் என்ற பேர் எனக்கு எதற்கு? ஆனால் ஒன்று மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "முடி எறக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல." சரி சரி என்றார். தூக்கம் போனது, உடம்பு இளைத்தது, மெஷினில் விரலை வேறு தேய்த்துக்கொண்டார். குற்றம் செய்தவன் படுகிற பாடெல்லாம் பட்டார், சொல்வதை மட்டும் செய்யவில்லை.

கோயிலுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை நாள் பயணம். மிகப் பழைய கோயில். எந்த ராஜா கட்டினார் என்பதில் ஆளுக்கொரு கதை. குனிந்துதான் உள்ளே போக முடியும், வாசல் அவ்வளவு தாழ்வு. எத்தனையோ தலைமுறையின் கையும் முதுகும் பட்டுத் தூண்களெல்லாம் வழவழவென்று இருக்கும். அந்த அம்மனுக்கு ஒரு விசேஷம் உண்டு. கல்லில் முகம் இருக்கிறது, மூக்கும் வாயும் இருக்கின்றன, கண் மட்டும் செதுக்கப்படவில்லை. சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணை இவள் பிள்ளைகள் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அன்று தொடங்கி, கண் சரியானவர்கள் வெள்ளியில் செய்து கொண்டுவந்து சாத்துவதுதான் வழக்கம். ஒருவர் கொடுத்த கண்ணோடு அம்மன் அடுத்த பூஜை வரைக்கும் பார்ப்பாள். அதற்குப் பிறகு அடுத்தவர் கொடுத்த கண். அம்மனுக்கும் அண்ணன் உண்டல்லவா, அதனால் பெண்கள் வேண்டிக்கொண்டால் கண்மலரைக் கூடப்பிறந்தவன் கையால்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் முடி இறக்கும் கொட்டகை. அண்ணி பலகையில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துவிட்டார். முடி தரையில் கிடந்தது. முடி இறக்குகிறவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்ககிட்ட அம்மா முன்னாடியே வாங்கிக்கிட்டா போலிருக்கே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நான் முழங்கையால் இடித்தேன். இவர் குனிந்தார்.

"அக்கா... ஒரு விஷயம்..."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். தம்பி முகம் வெளுத்திருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பயப்படாதடா, வலிக்காது. சின்ன வயசுல உனக்கு முடி எடுக்கும்போது நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டேன்ல? இப்ப நீ பிடிச்சுக்கோ."

உண்மையைச் சொல்ல வந்தவருக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது. இதற்கு மேல் வாய் எங்கே திறக்கும்? தண்ணீர் தெளித்தார்கள். கத்தி நடு உச்சியில் இறங்கியது. முதல் கற்றை மடியில் விழுந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. என் கோபம் எனக்கு. இந்த மனுஷனின் பயத்துக்கு ஒரு பொம்பளையின் முடியா விலை என்று வயிறு எரிந்தது.

குளித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அண்ணி வந்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. வரிசையில் நின்று உள்ளே போனோம். தட்டில் பூவின் மேல் வெள்ளிக் கண் இரண்டும் கிடந்தன. தட்டு இவர் கையில். பூசாரி திரையை விலக்கினார். பழைய கண்ணை எடுத்திருந்தார்கள். கண்ணில்லாத அந்த முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

பூசாரி குனிந்து தட்டைப் பார்த்தார். "கூடப்பிறந்தவர் நீங்கதானே? வாய்விட்டுச் சொல்லணும். வலம் எது, இடம் எது?"

கண்மலரின் ஓரத்தில் அடையாளம் இருந்தது. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்க. மாத்தி வெச்சா ஆகாது."

"அம்மனுக்கு வலமா... நமக்கு வலமா?"

"அம்மனுக்குத்தாங்க. எதிர்ல நிக்கிறவங்க கணக்கு இங்க எதுக்கு?"

அவ்வளவுதான். இவர் தட்டை என்னிடம் தள்ளிவிட்டு அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் மாத்திட்டேன்கா."

"இன்னும் வைக்கவே இல்லியேடா, எதை மாத்தின?"

"உன் கண்ணாடியை. வலது பவரை இடதுல போட்டுட்டேன். தெரியாமதான். நீ கேட்டப்பல்லாம் பழகிடும்னு சொன்னேன், பார்க்கக்கூட இல்ல. ஸ்க்ரூ போடறப்பதான் பார்த்தேன். பார்த்ததும் லென்ஸை மாத்திட்டேன். சொல்லல. உன்கிட்ட சொல்லவே இல்லக்கா."

பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். "குடும்பக் கதையை வெளிய போய்ப் பேசுங்க, வழி விடுங்க." அண்ணி நகரவில்லை. கை தானாகத் தலைக்குப் போய் ஈரச் சந்தனத்தைத் தொட்டது. ஓங்கி ஓர் அறை விழும் என்று நான் நினைத்தேன். விழுந்திருந்தால் இவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முடி கிடக்குது விடு. முளைக்கும்." என்றார். "அவளை நான் என்ன வார்த்தை சொன்னேன் தெரியுமாடா? நாலு பேர் முன்னாடி சொன்னேன்."

அந்த நிமிஷம் வரைக்கும் இவர் முடியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும் என்னவாம், நானும் அதையேதான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். காஜா அக்கா என்று ஒருத்தி இருப்பது எங்கள் இருவர் கணக்கிலும் வரவே இல்லை.

அண்ணி என் கையிலிருந்த தட்டில் விரல் வைத்துக் காட்டினார். "இது வலம் சாமி. இது இடம். வைங்க. அம்மா என்ன பண்ணுவா? வேண்டிக்கிட்டது நான்." பூசாரி மெழுகு தடவிக் கண்ணை ஒட்டினார். அம்மன் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நேரே நிற்க என் வீட்டுக்காரரால் முடியவில்லை, தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் மூக்கை உறிஞ்சினார். "இப்ப எதுக்கு அழற? அழுதா யாருக்கு ஆச்சு?" என்று மட்டும் அண்ணி ஒருமுறை சொன்னார். வீட்டுக்குப் போகாமல், குங்குமப் பொட்டலத்தோடு நேரே காஜா அக்கா வீட்டுக்கு நடந்தோம்.

கதவைத் திறந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே "வாங்க" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அப்போதும் பார்வை எங்கள் கால் விரலில்தான். அண்ணியின் மொட்டைத் தலைகூட அவருக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இந்தத் தடவை முந்திக்கொண்டார். "அக்கா, தப்பு என்னுது. கண்ணாடியை நான்தான் மாத்திப் போட்டுட்டேன். உங்க கண்ணு ஒண்ணும் பண்ணல."

"கண்ணாடி இவன் தப்பு" என்றார் அண்ணி. "உன்னைச் சொன்னது என் தப்புடி. இவன் தலையில அதைக் கட்ட மாட்டேன்."

காஜா அக்கா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "விடுங்க தம்பி. நானும் யோசிச்சேன். நான் நல்லாயிருக்குன்னு சொன்னதெல்லாம் அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒவ்வொண்ணா நெனச்சுப் பார்த்தேன். சிலது கெட்டுத்தான் போயிருக்கு."

அண்ணி குங்குமப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார். "உன் மகனுக்குப் பிள்ளை பொறந்திருக்கறதாச் சொன்னாங்களே. யார் ஜாடை?"

"தெரியாது. நான் போகல."

"அடுத்த தெருடி!"

"பச்சப் பிள்ளை. எதுக்கு வம்பு?"

அண்ணி எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மொட்டைத் தலையோடு ஒருத்தி, தலையே நிமிராமல் ஒருத்தி, பின்னால் கையைப் பிசைந்துகொண்டு என் வீட்டுக்காரர், நான். மகன் வீட்டு மருமகள் முறைப்பாகத்தான் கதவைத் திறந்தாள். மாமியாருக்குப் பேரனைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் தப்பில்லை. அண்ணி எல்லாவற்றையும் சொன்னார், தன் வாயால் சொன்ன அந்த வார்த்தையையும் விடாமல். கேட்டுக்கொண்டே மருமகளின் முகம் மாறியது. தூளியிலிருந்து குழந்தையை எடுத்து மாமியார் மடியில் வைத்தாள்.

காஜா அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"திறடி" என்றார் அண்ணி. "உன் காலைப் பிடிக்கிறேன், திற."

திறந்தார். நல்ல அழகான பிள்ளை, நானே சொல்கிறேன். சுருட்டை முடி, வாயைக் கோணிக் கொட்டாவி விட்டது. காஜா அக்கா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் அதன் புருவத்தைத் தடவினார். உதடு பிரிந்தது. "அடடா" என்று வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"மூக்கு சப்பை" என்றார். "காது வேற பெருசு. சொல்லிக்கிறாப்பல ஒண்ணும் இல்ல."

சொல்லச் சொல்லக் கண்ணீர் குழந்தையின் நெஞ்சில் சொட்டியது. மருமகள் அதைத் துடைத்துவிட்டாள். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை திறந்திருந்தாலும் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.